புது கடல்மீனுக்கு வெள்ளைப் புள்ளி: மருந்துக்கு முன் மூச்சை எண்ணுங்கள்

முதலில் கடையில் சொன்ன அந்த மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்துப் பாட்டிலை மூடி அலமாரியில் வையுங்கள். பெரிய தொட்டியில் ஒரு சொட்டுகூட விழ வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் எழுதியது இது. பத்து நாள் முன்பு இரண்டு க்ளவுன் மீனும் (கோமாளி மீன்) ஒரு சின்ன ப்ளூ டாங் மீனும் வாங்கி, நேராக 200 லிட்டர் தொட்டியில் விட்டீர்கள். தொட்டியில் லைவ் ராக் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்), கொஞ்சம் பவளம், ஒரு க்ளீனர் இறால் இருக்கின்றன. டாங்கின் உடம்பில் நேற்றிலிருந்து பதினைந்து இருபது வெள்ளைப் புள்ளி, ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது. பெரிய க்ளவுன் மூலையில் ஒதுங்கி வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, உடம்பில் வெண்மையாக ஆடை படிந்த மாதிரி இருக்கிறது. சின்ன க்ளவுன் பெரியதின் முன்னால் போய் உடம்பை உதறுகிறது. கடையில் மெத்திலீன் ப்ளூ ஊற்றச் சொன்னார்கள். வேறு தொட்டி கிடையாது.

உங்கள் கண் டாங்கின் மேல் இருக்கிறது. ஆபத்தில் இருப்பது க்ளவுன். புது மீன் நோயில் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான்: புள்ளி கண்ணில் பட்டதும் புள்ளிக்கு மருந்து தேடுவோம். கடல்மீனைக் கொல்லும் பெரும்பாலான ஒட்டுண்ணிகள் முதலில் பிடிப்பது செவுளை. தோலில் தெரிவது அதன் மிச்சம்தான். அதனால் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, 15 விநாடியில் செவுள் மூடி எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். மூன்று மீனுக்கும் தனித்தனியாக எண்ணி எழுதி வையுங்கள். தீனி போட்ட உடனே எண்ண வேண்டாம். அரைமணி நேரம் போகட்டும். நிமிடத்துக்கு 80 சுற்றி இருந்தால் நான் பதறமாட்டேன். 120 தாண்டினால் அன்றே ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு பக்கச் செவுள் மட்டும் வேலை செய்து மறுபக்கம் மூடியே கிடந்தால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் நல்லதில்லை.

இன்றிரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மீனைப் பாருங்கள். நேராக அடிக்காதீர்கள், எதுவும் தெரியாது. ஒட்டியிருப்பது ரவை மாதிரி தனித்தனியாக, எண்ணக்கூடிய அளவில் இருந்தால் அது ஒயிட் ஸ்பாட், அதாவது கிரிப்டோகாரியான். முகத்துக்குப் போடும் பவுடரை ஊதிவிட்ட மாதிரி, எண்ணவே முடியாமல், கொஞ்சம் மஞ்சள் சாயலோடு மின்னினால் அது வெல்வெட், அமிலூடினியம். புள்ளியே இல்லாமல் சளி உரிந்து, பால் ஆடை கிழிந்து தொங்குகிற மாதிரி இருந்தால் ப்ரூக்லினெல்லா. இந்தக் கடைசி ஆள் க்ளவுன் மீனை அவ்வளவு அடிக்கடி பிடிப்பதால் அதற்கு க்ளவுன் நோய் என்றே பெயர் வந்துவிட்டது. உங்கள் வர்ணனைப்படி டாங்குக்கு ஒயிட் ஸ்பாட், க்ளவுனுக்கு ப்ரூக்லினெல்லா. ஒரே தொட்டி, இரண்டு நோய், இரண்டுக்கும் வேறு வேறு மருந்து. ஒயிட் ஸ்பாட்டுக்குக் கேட்கிற காப்பர் மருந்து ப்ரூக்லினெல்லாவை அசைக்காது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. எந்த மீனை முதலில் கவனிப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். வெல்வெட்டுக்கு இரண்டு மூன்று நாள். மீனிலிருந்து விழுந்து ஒட்டுண்ணி கட்டிக்கொள்ளும் ஒரு உறை பிளந்தால் 256 வரை புதுசாக நீந்தி வரும். காலையில் தீனி எடுத்த மீன் மறுநாள் மாலை தரையில் கிடக்கும். அந்த மீன்கள் வெளிச்சத்தைத் தவிர்க்கும், பவர்ஹெட் (நீரோட்டம் தரும் பம்ப்) தள்ளும் தண்ணீருக்குள் முகத்தைக் கொடுத்து நிற்கும், தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ப்ரூக்லினெல்லா மீனின் மேலேயே இரண்டாகப் பிளந்து பெருகும், அதற்கும் சில நாள்தான் கெடு. ஒயிட் ஸ்பாட் நிதானமானது, வாரக்கணக்கில் விளையாடும். அதன் தந்திரமே வேறு.

அந்தத் தந்திரத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். தொடங்கிய முதல் வருடம் ஒரு பவுடர் ப்ரவுன் டாங் வாங்கினேன். நாலாம் நாள் புள்ளி வந்தது. பூண்டுச் சாற்றில் ஊறவைத்த தீனி போட்டேன். ஏழாம் நாள் உடம்பு கண்ணாடி மாதிரி சுத்தம். பூண்டு வேலை செய்துவிட்டது என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் புள்ளி திரும்பியது. இந்த முறை தொட்டியில் இருந்த எல்லா மீனிலும், நூற்றுக்கணக்கில். மாதக் கடைசியில் இறாலும் நத்தையும் மட்டும் மிஞ்சின.

நடந்தது இதுதான். புள்ளி என்பது தோலுக்குள் மூன்று முதல் ஏழு நாள் உட்கார்ந்து தின்னும் ஒட்டுண்ணி. வயிறு நிறைந்ததும், பெரும்பாலும் இருட்டில், அது தானே கீழே விழுந்து மண்ணிலோ கல்லிலோ உறை கட்டிக்கொள்ளும். மீன் சுத்தமாகத் தெரிவது அப்போதுதான். உறைக்குள் நூற்றுக்கணக்கில் பெருகி, சீக்கிரம் என்றால் மூன்று நாளில், சாதாரணமாக ஒன்றிரண்டு வாரத்தில், சில சமயம் மிகத் தாமதமாக வெளியே வரும். ஆய்வகத்தில் 72 நாள் வரை தாமதித்து வந்ததும் உண்டு. வந்தபின் ஓரிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். தோலுக்குள் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் எந்த மருந்தும் அதைத் தொடாது. நீந்துகிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் அடிக்க முடியும். புள்ளி மறைவது குணமும் இல்லை, கூடுவது மருந்து தோற்றதும் இல்லை.

கப்பியும் தங்கமீனும் வளர்த்துப் பழகியவர்களுக்கு இன்னொரு வார்த்தை. நன்னீர் மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி வேறொரு உயிரி. ஹீட்டரை ஏற்றுவது, கல்லுப்பு போடுவது எல்லாம் அதற்குத்தான். கடல் தொட்டியில் சூட்டை ஏற்றினால் தண்ணீரில் பிராணவாயு குறையும், ஏற்கெனவே செவுள் அடைத்த மீன் இன்னும் திணறும். நம் ஊர் வெயிலில் ஏசி இல்லாத அறையில் தொட்டி 31 டிகிரியைத் தொடுவது சாதாரணம். நீங்கள் இறக்கத்தான் பார்க்கவேண்டும். மெத்திலீன் ப்ளூவும் நன்னீர்ப் பழக்கத்தின் மிச்சம்தான். லைவ் ராக்கில் வாழும் நல்ல பாக்டீரியாவை அது கொல்லும், கல்லையும் சிலிக்கானையும் நீலமாக்கும், கல்லுக்குள் உறை கட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது.

சரி, இன்று என்ன செய்வது?

துணிமணி வைக்கும் பிளாஸ்டிக் டப், 50, 60 லிட்டர் கொள்வது, நான்கு வாங்குங்கள். புதுசாக, சோப்பு படாததாக இருக்கவேண்டும். ஏர் பம்ப் இரண்டு, ஹீட்டர் ஒன்று, மீன் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள். மணல் வேண்டாம், கல் வேண்டாம். கரன்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பெரிய தொட்டியின் உப்பு அடர்த்தியிலேயே, 1.025, ஆர்ஓ தண்ணீரில் உப்பு கலந்து முந்தைய நாளே ஏர் விட்டு வைப்பது முறை. உங்களுக்கு அவசரம், நாலு மணி நேரமாவது ஓடட்டும்.

க்ளவுன் இரண்டுக்கும் ஃபார்மலின் குளியல். 2018-ல் சந்தை மீனில் கலக்கிறார்கள் என்று செய்தியில் அடிபட்டதே, அதே ஃபார்மலின்தான். 37 சதவீதக் கரைசல் என்று பார்த்து வாங்குங்கள். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் தொடாதீர்கள், அந்தப் படிவு மீனுக்குப் பெரிய விஷம். புத்தகங்களில் லிட்டருக்கு 0.25 மில்லி வரை போட்டிருக்கும். அது குளிர்ந்த தண்ணீருக்கான கணக்கு. நம் சூட்டுக்கு லிட்டருக்கு 0.15 மில்லி போதும், அதாவது 10 லிட்டர் வாளிக்கு 1.5 மில்லி, ஊசி சிரிஞ்சில் அளந்து. கடல் தண்ணீர், அதே சூடு, ஏர் ஸ்டோன் கொதிக்கிற மாதிரி ஓடவேண்டும், ஏனென்றால் ஃபார்மலின் தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவையும் தின்னும். முப்பது நிமிடம். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். மீன் சாய்ந்தாலோ மேலே வந்து வாயைப் பிளந்தாலோ உடனே எடுத்துவிடலாம். குளித்த மீன் சுத்தமான டப்புக்குப் போகும், பெரிய தொட்டிக்கு இல்லை. குளியல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புது டப். கையுறை போட்டு, மொட்டைமாடியிலோ பால்கனியிலோ செய்யுங்கள். அது மூக்கையும் கண்ணையும் எரிக்கும், புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டதும்கூட. வீட்டில் குழந்தை இருந்தால் பாட்டிலைப் பூட்டி வையுங்கள்.

சின்ன க்ளவுன் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை விட்டுவிடக் கூடாது. ஒரே தண்ணீரில் இருந்தது, அதற்கும் குளியல் உண்டு.

டாங்குக்கு அவ்வளவு அவசரம் இல்லை. இரவு டார்ச்சில் பவுடர் தெரியவில்லை, மூச்சு நிதானம், நோரி என்ற காய்ந்த கடற்பாசி இலையைக் கடித்து இழுக்கிறது என்றால் மருந்தே இல்லாத வழி ஒன்று இருக்கிறது: மூன்று நாளுக்கு ஒரு முறை டப் மாற்றுவது. மீனிலிருந்து உதிர்ந்தது உறை கட்டி வெளியே வரக் குறைந்தது மூன்று நாள் ஆகும் என்றேன் அல்லவா? அதற்குள் மீன் வேறு டப்பில் இருக்கும், பொரிந்தது காலி டப்பில் பட்டினி கிடக்கும். முதல் டப்பில் விட்ட நாளிலிருந்து 3, 6, 9, 12-ஆம் நாள்களில் மாற்றுங்கள். 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. நாலு மணி நேரம் முன்னால் மாற்றினாலும் பரவாயில்லை. பழைய டப், ஏர் ஸ்டோன், குழாய் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் அடுத்த சுற்றுக்கு ஆகும். இந்த விஷயத்தில் நம் வெயில் நமக்கு உதவி. மீனை மாற்றும்போது பழைய தண்ணீர் கூட வரக்கூடாது, வலைக்குப் பதில் சின்னப் பிளாஸ்டிக் கூடையில் அள்ளுங்கள். டாங்குக்கு வாலடியில் முள் இருக்கிறது, வலையில் சிக்கும். க்ளவுன்களுக்கும் ஒயிட் ஸ்பாட் ஒட்டியிருக்கும்; மூன்று குளியல் முடிந்ததும் அவையும் இதே சுற்றில் சேரட்டும்.

பவுடர் தெரிந்தால் இந்தக் கதை மாறிவிடும். வெல்வெட்டின் உறை 72 மணி நேரத்துக்கெல்லாம் காத்திருக்காது. அப்போது காப்பர்தான், நிற்காமல், 30 நாள். கீலேட்டட் காப்பர் (வேறொரு பொருளோடு பிணைத்த காப்பர்) என்றால் 2.5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் வரை போகும். அயனிக் காப்பர் மருந்துகளில் அளவு அதைவிட மிகக் குறைவு, க்யூப்ரமைன் என்றால் 0.5. இரண்டையும் குழப்பினால் மீன் செத்துவிடும், லேபிளை இரண்டு முறை படியுங்கள். அளக்க டிஜிட்டல் செக்கர் இல்லாமல் இறங்கவேண்டாம். நிறம் பார்த்துச் சொல்லும் கிட்டில் 2-க்கும் 2.5-க்கும் வித்தியாசம் தெரியாது. அளவு ஒரு நாள் இறங்கினாலும் முதல் நாளிலிருந்து திரும்ப எண்ணவேண்டும். காப்பர் இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவை (மீன் கழிவிலிருந்து வரும் விஷம்) கட்டும் திரவங்களைச் சேர்க்காதீர்கள்; அவை காப்பரை இன்னும் கடுமையான வடிவத்துக்கு மாற்றிவிடும். பெரிய தொட்டியில் காப்பர் கூடவே கூடாது, இறாலும் பவளமும் போய்விடும், கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

உப்பு அடர்த்தியை 1.009-க்கு இறக்கி ஒரு மாதம் வைத்திருப்பது என்று ஒரு முறை இருக்கிறது. ஒயிட் ஸ்பாட்டுக்குக் கேட்கும், வெல்வெட்டுக்குக் கேட்காது, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் எல்லாம் வீண். எனக்கு அதில் பிடிப்பு இல்லை.

டப்பில் உங்கள் அடுத்த எதிரி அம்மோனியா. ஃபில்டர் பழகாத, அதாவது அதில் நல்ல பாக்டீரியா இன்னும் குடியேறாத 50 லிட்டரில் மூன்று நாளில் ஏறிவிடும். தீனியைக் குறைத்து, மிச்சத்தை உடனே உறிஞ்சி எடுத்து, தினமும் அளந்து பாருங்கள். காப்பர் இல்லாத டப் என்பதால் இங்கே அம்மோனியா கட்டும் திரவம் பயன்படுத்தலாம். எல்லோரும் சொல்லும் யோசனை, பெரிய தொட்டியின் சம்ப்பிலிருந்து (கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி) பழகிய ஸ்பாஞ்சை எடுத்துப் போடுங்கள் என்பது. உங்கள் விஷயத்தில் அது தப்பு, ஸ்பாஞ்சோடு உறையும் சேர்ந்து வரும். தனி வாளியில் புது ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, பாட்டில் பாக்டீரியா ஊற்றி, ஒரு துண்டு இறாலை அழுகவிட்டு இன்றே பழக்க ஆரம்பியுங்கள். பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு மீன்கள் தங்க அது தேவைப்படும்.

ஏனென்றால் அவை உடனே பெரிய தொட்டிக்குத் திரும்ப முடியாது. அந்தத் தொட்டி மீன் இல்லாமல் 76 நாள் காலியாகக் கிடக்கவேண்டும். இறாலும் பவளமும் அங்கேயே இருக்கட்டும், அவற்றில் ஒயிட் ஸ்பாட் வளராது. இறாலுக்கு அளவாகத் தீனி போட்டால் போதும். க்ளீனர் இறால் மீனைச் சுத்தம் செய்து குணப்படுத்திவிடும் என்று நம்பி மீனை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். அங்கே நனைந்த வலையோ கையோ இங்கே வரக்கூடாது. டப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு அறையில் வையுங்கள். அந்த 76 நாளை எண்ண ஆரம்பிப்பது கடைசி மீனை எடுத்த நாளிலிருந்து.

காத்திருக்கும் அந்த மாதங்களில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: புழு. தோல் புழுவும் செவுள் புழுவும் புது மீன்களில் சர்வசாதாரணம், கண்ணுக்கே தெரியாது. கண் மங்குவது, தலையை உதறுவது, குழாயில் உடம்பை உரசுவதுதான் அடையாளம். சோதிக்க நல்ல வழி நன்னீர்க் குளியல். ஆர்ஓ தண்ணீரில் சமையல் சோடா கொஞ்சம் போட்டு பிஹெச்சைத் தொட்டியளவுக்குக் கொண்டுவந்து, சூட்டைச் சமமாக்கி, அடி கறுப்பாக இருக்கும் கிண்ணத்தில் ஐந்து நிமிடம். மீன்மேல் இருக்கும்போது வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாக ஒட்டியிருக்கும் புழு, நன்னீர் பட்டதும் வேகாத ஜவ்வரிசி மாதிரி வெளுத்து உதிரும். முதல் முறை ஒரு டாங்கிலிருந்து முப்பது உதிர்ந்ததைப் பார்த்து என் மனைவி இரண்டு நாள் ஜவ்வரிசிப் பாயசத்தைத் தொடவில்லை. உதிர்ந்தால் ப்ராசிக்வான்டல் என்ற புழு மருந்து, லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டைகளை அது கொல்லாது, அதனால் ஐந்தாறு நாள் கழித்து இரண்டாவது தடவை கட்டாயம்.

வெள்ளை நூலாக மலம் போனால் உள்ளே ஒட்டுண்ணி இருக்கலாம், மெட்ரோனிடசோல் கலந்த தீனி கொடுத்துப் பார்க்கலாம். துடுப்பு நுனியில் காலிஃப்ளவர் மாதிரி கட்டி வந்தால் அது லிம்போசிஸ்டிஸ், வைரஸ்; மருந்து கிடையாது, நல்ல தண்ணீரும் தீனியும் இருந்தால் தானே உதிரும். ப்ளூ டாங் பயந்தால் நிறம் வெளுத்து, குழாய்க்குள் செத்த மாதிரி ஒருக்களித்துப் படுக்கும். அதற்கு மருந்து ஊற்றிவிடாதீர்கள். 30 சென்டிமீட்டர் வரை வளரும் மீன் அது, 200 லிட்டரில் அதற்கு எதிர்காலம் இல்லை. இந்த 76 நாளில் அதற்கு வேறு வீடு பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை மீன் வாங்கும்போது பையை மணிக்கணக்கில் திறந்து வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். விமானத்தில் வந்த பையில் மீன் விட்ட கரியமில வாயு பிஹெச்சை இறக்கியிருக்கும், அதனால் அம்மோனியா விஷம் குறைந்த வடிவத்தில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு போய், பிஹெச் ஏறி, அதே அம்மோனியா விஷமாக மாறும். பையின் உப்பளவுக்கு டப் தண்ணீரைத் தயார் செய்து, சூட்டைச் சமமாக்கி, திறந்ததும் மீனை மட்டும் மாற்றுவதே மேல். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியதிலிருந்து நம் பக்கம் வளர்ப்பு க்ளவுன்கள் கிடைக்கின்றன, அவை தீனிக்கும் தொட்டிக்கும் சீக்கிரம் பழகும். ஆனால் கடையில் கடலில் பிடித்த மீனோடு ஒரே தண்ணீரில் இரண்டு நாள் இருந்தால் அதற்கும் எல்லாம் ஒட்டும். எதுவானாலும் டப் வழியாகத்தான் வீட்டுக்குள் வரவேண்டும்.

கடைசியாகச் சின்ன க்ளவுனின் உதறல். அது வலிப்பு இல்லை, நோயும் இல்லை. ஜோடியில் பெரியது பெண், சின்னது ஆண். நீதான் பெரியவள், என்னைக் கடிக்காதே என்று சொல்கிற பணிவு அது. குளியல் முடிந்து இரண்டும் ஒரே டப்பில் சேர்ந்ததும் சின்னது மறுபடி போய் உதறும். பெரியது திரும்பி ஒரு முட்டு முட்டினால், அன்று அதன் மூச்சை எண்ணிப் பாருங்கள், குறைந்திருக்கும்.